எங்கள் தோலைப் பாருங்கள்: மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இனச் சமத்துவத்துக்கான பணியாளர் குழுவைக் கலைத்துவிட்டோம் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது செல்பேசியில் படித்தேன். "இங்கே யாரும் நிறம் பார்ப்பதில்லை, திறமையை மட்டுமே பார்க்கிறோம், ஆகவே தனிக் குழு தேவையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவுக்கு மாதம்தோறும் ஒதுக்கியிருந்த நான்கு மணி நேரமும் ரத்து. எந்த வார்டில், எந்த பேண்டில் (அதாவது, எந்தப் பதவிப் படியில்), எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று எங்களுக்குக் கொடுத்துவந்த கணக்கும் இனிமேல் கிடையாது.

இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஆறு வாரமாக உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. பதில் இல்லை. அதனால் தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நம் மருத்துவமனையில் தமிழ் பேசும் நர்சுகள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள், தரை துடைப்பவர்களும் சமையலறையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். கட்டிலில் படுத்திருக்கும் தமிழர்களும் நிறையப் பேர். அவர்கள் பெயரில் எடுத்த முடிவு அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் 2003இல் நாகர்கோவிலிலிருந்து லண்டனுக்கு வந்தேன். அன்று முதல் இதே என்எச்எஸ் என்னும் அரசு மருத்துவச் சேவை, இதே கட்டடம். எங்கே எந்த லிஃப்ட் எப்போது நிற்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். கோபத்தில் வெளியே போகப்போகிற ஆள் எழுதும் கடிதமாக இதை நினைக்க வேண்டாம். ஓய்வு பெறும்வரை இங்கேதான் இருக்கப்போகிறேன்.

முதலில் ஓர் இரவைச் சொல்கிறேன்.

2021 ஜனவரி. கோவிடின் இரண்டாவது அலை. கட்டில்களுக்கு நடுவே நடக்க இடமில்லாத நாட்கள். ஐம்பது வயதைத் தாண்டிய கருப்பினத்தவர் ஒருவரை என் பகுதிக்கு அனுப்பினார்கள். விரலில் மாட்டிய கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர், 95 சதவீதம் என்று காட்டியது. 94 முதல் 98 வரை இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் அளவுகோல். ஆகவே சார்ட்டில் அவர் பச்சை. ஆனால் அவரிடம் பெயர் கேட்டபோது முதல் பெயரைச் சொல்லி, மூச்சு வாங்கி, அதற்கப்புறம்தான் இரண்டாவது பெயரைச் சொன்னார். மனிதர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாகியிருக்கிறதா என்று பாடப்புத்தகம் பார்க்கச் சொல்லும். அவர் உதட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கையுறை போட்ட விரலால் கீழுதட்டை மெல்ல வெளியே மடித்துப் பார்த்தேன். உட்பக்கம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

பணியில் இருந்த இளம் டாக்டரிடம், ரத்தத்தை எடுத்து ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் பிளட் கேஸ் சோதனை செய்யச் சொன்னேன். "எண் நன்றாகத்தானே இருக்கிறது, சிஸ்டர்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர் கையில் முப்பது நோயாளிகள். இரண்டாவது முறை கேட்டேன், மூன்றாவது முறையும் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மணிக்கட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஆக்சிஜன் 86. கிளிப் அப்போதும் 94 என்றே காட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் அவரை ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்தார், மூன்று வாரம் கழித்து வார்டுக்குத் திரும்பி வந்தார். ஆனால் அவருக்கு முன்னால் எத்தனை பேரின் விரலில் 95ஐப் பார்த்து, திருப்தியோடு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறேன்? அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

அந்தக் கிளிப் எப்படி வேலை செய்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்குப் போடுகிறது. தோலின் மெலனினும் அந்த ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சும். கருவியைப் பெரும்பாலும் வெளிர்நிறத் தோல் உள்ளவர்களின் விரலில் வைத்துச் சரிபார்த்தால், கரிய விரலில் கணக்குத் தவறும். அதுவும் எந்தப் பக்கமாக? ஆக்சிஜன் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும் பக்கமாக. இதை 1990லேயே அமெரிக்காவில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான அளவீடுகளை ஒப்பிட்டு, கிளிப் தவறவிடும் ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நம் அரசே அமைத்த, டேம் மார்கரெட் வைட்ஹெட் தலைமையிலான ஆய்வுக் குழு 2024 மார்ச்சில் அதை உறுதி செய்தது. 1990க்கும் 2024க்கும் நடுவில் முப்பத்து நான்கு வருஷம். இவ்வளவு காலமும் அந்தக் கிளிப்பை மாட்டியவர்களில் யாராவது இனவெறி பிடித்தவர்களா? நானும் மாட்டினேன். எனக்கு யார் மீதும் வெறுப்பில்லை. வெறுப்பே இல்லாமல் ஒரு மனிதர் என் கண் முன்னால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்.

நிறுவனத்துக்குள் இருக்கும் இனவாதம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலர் தங்களைத் திட்டியதுபோல் முகம் வாடிப்போவதைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். 1993 ஏப்ரல் 22 அன்று லண்டனின் எல்தம் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கருப்பினப் பையனை வெள்ளையின இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். போலீஸ் விசாரணை சொதப்பியது. அதை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை 1999இல் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கொடுத்தது. நிறம், பண்பாடு, இனம் காரணமாக ஒருவருக்குத் தகுந்த சேவையைத் தர ஒரு நிறுவனம் மொத்தமாகத் தவறுவது. அது தெரியாமல், யோசிக்காமல், அறியாமையாலும் நடக்கலாம் என்று அந்த அறிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. உங்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள் நடத்தும் இடத்திலும் இது நடக்கிறது என்கிறேன். அதைப் பார்ப்பதற்கு இருந்த ஒரே ஏற்பாட்டைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

அந்த இரவுக்கு மறுநாள் நான் சம்பவ அறிக்கை போட்டேன். கருவி சரியாக இயங்கியது என்று எழுதி அதை மூடிவிட்டார்கள். எங்கள் பணியாளர் குழுதான் அதைத் திரும்பத் திறக்கவைத்தது. கரிய தோல் உள்ள நோயாளிக்குக் கிளிப்பை மட்டும் நம்பாதே, மூச்சைப் பார், பேச்சைப் பார், சந்தேகம் வந்தால் பிளட் கேஸ் எடு என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வார்டிலும் ஒட்டியது. எங்கள் வார்டில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. ஓரம் கிழிந்து, டேப் மஞ்சளாகிப்போய் இருக்கிறது.

படுக்கைப் புண் விஷயத்திலும் இதே கதைதான். தோல் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் சிவப்பு மறைகிறதா என்று பார்க்கத்தான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். மாநிறத் தோலும் கரிய தோலும் அப்படிச் சிவந்து காட்டாது. ஊதாவாகவோ இன்னும் கருத்தோ போகும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து எங்களிடம் இருந்தார். மூன்று நாளும் சார்ட்டில் "சிவப்பு இல்லை" என்று எழுதியிருந்தது. நான் லீவு முடிந்து வந்த அன்று, ஊர்ப் பேச்சுக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, உதிலை எரியுது" என்றார். திருப்பிப் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தேன். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டது. மறுநாள் தோல் உடைந்தது. மூன்று நாளும் பார்த்தவர்கள் கவனமாகத்தான் பார்த்தார்கள், பொய் எழுதவில்லை. சிவப்பு இல்லைதான்.

அதற்கப்புறம் பயிற்சி வகுப்புக்கு வேண்டிய படங்களைக் கேட்டோம். இருந்த படங்கள் எல்லாமே வெள்ளைத் தோல். குழுவில் இருந்தவர்கள் எங்கள் முழங்கையையும் குதிகாலையும் நாங்களே படம் எடுத்துச் சேர்த்தோம். மாதம் நான்கு மணி நேரத்தில் நாங்கள் செய்த வேலை இதுபோன்றது.

பிரசவ வார்டில் வேலை செய்யும் என் தோழி ஒன்று சொன்னாள். குழந்தை பிறந்த முதல் நிமிடத்தில் போடும் அப்கார் மதிப்பெண்ணில் நிறத்துக்கு 2 மதிப்பெண் உண்டு. உடல் முழுதும் இளஞ்சிவப்பாக இருந்தால் முழு மதிப்பெண். நம் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் இளஞ்சிவப்பாகப் பிறப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தாலும் முதலில் தோலைத்தான் பார்க்கிறார்கள். இந்த நாட்டில் 2019 முதல் 2021 வரையான கணக்கில், பிரசவத்தை ஒட்டி இறக்கும் ஆபத்து வெள்ளையினப் பெண்களைவிடக் கருப்பினப் பெண்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு, ஆசியப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் ஒன்றாக இருக்காது, பலவாக இருக்கும். ஆனால் தாயின் இனத்தை எழுதிவைத்ததால்தான் இந்த வித்தியாசமே வெளியே தெரிந்தது. "நிறம் பார்ப்பதில்லை" என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், செத்தவர்கள் செத்தவர்களாகவே போயிருப்பார்கள்.

இனி வேலையைப் பற்றி.

இங்கே பேண்ட் 5 நர்ஸாக இருந்து பேண்ட் 6க்கு நான் ஏழு முறை விண்ணப்பித்தேன். ஏழு முறையும் ஷார்ட்லிஸ்ட் ஆனேன். அதாவது, தாளில் எனக்குத் தகுதி இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு குறைந்துபோனது. "எல்லோரோடும் நன்றாகப் பழகுகிறாய், ஆனால் தலைமைக்கான தோரணை இன்னும் வரவில்லை" என்றார்கள் ஒருமுறை. இன்னொரு முறை, "இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோடு பேசலாம்". ஆறாவது முறை என் முன்னால் உட்கார்ந்திருந்த பேனலில் ஒருவர், முதல் வருஷத்தில் ட்ரிப் போட நான் கற்றுக்கொடுத்த பெண். அவளும் பாவம், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழாவது முறை கிடைத்தது. அதற்குள் 11 ஆண்டுகள் போய்விட்டன.

என் கதையை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். எனக்கு உண்மையிலேயே தோரணை இல்லாமல் இருந்திருக்கலாம். இங்கிலாந்து என்எச்எஸ் தன் பணியாளர்களைப் பற்றி 2015 முதல் எடுத்துவரும் இனச் சமத்துவக் கணக்கைப் பாருங்கள். 2023 அறிக்கையின்படி, ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களில் வெள்ளையினத்தவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.59 மடங்கு. மொத்தப் பணியாளர்களில் வெள்ளையர் அல்லாத நாங்கள் 26.4 சதவீதம். மிக மூத்த நிர்வாகிகளில் 11.2 சதவீதம். நாடு முழுக்க லட்சக்கணக்கான பேருக்கும் ஒரே நேரத்தில் தோரணை குறைந்துபோகுமா?

அதே கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகும் வாய்ப்பு 2016இல் வெள்ளையினத்தவரைவிட எங்களுக்கு ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2023இல் அது ஏறக்குறைய சமமாகிவிட்டது. மனிதர்கள் ஏழு வருஷத்தில் மாறிவிடவில்லை. எண்ணைக் கட்டாயமாக வெளியிட வைத்தார்கள், ஒருவரை விசாரணைக்கு அனுப்பும் முன் இன்னொருவர் கேள்வி கேட்கும் பழக்கம் பல இடங்களில் வந்தது, அந்த எண் இறங்கியது. எண்ணிப் பார்த்தால் குறையும் என்பதற்கு நம் துறையிலேயே அத்தாட்சி இருக்கும்போது, எண்ணுவதை நிறுத்துகிறீர்கள்.

2020 ஏப்ரலையும் மறக்க முடியவில்லை. அந்த மாதம், கோவிடில் இறந்துபோன என்எச்எஸ் பணியாளர்களில் 119 பேரின் விவரங்களைச் சேர்த்து ஒரு துறை இதழ் வெளியிட்டது. அதில் டாக்டர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் எங்களைப்போன்ற சிறுபான்மையினர். நர்சுகளில் பத்துக்கு ஏழு பேர். அப்போது மொத்த நர்சுகளில் நாங்கள் ஐந்தில் ஒருவர். வியாழக்கிழமை இரவுகளில் ஜன்னலோரம் நின்று நாடே கை தட்டியது. நான் நன்றியோடுதான் கேட்டேன். ஆனால் மறுநாள் காலையில் கோவிட் வார்டுக்கு யார் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்தால், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், விசா விஷயமாக வாய் திறக்கப் பயந்தவர்கள், எங்கள் பெயர்கள்தான் வரிசையாக இருந்தன. இதை எங்கள் பணியாளர் குழு ரோஸ்டரை எடுத்து எண்ணிக் காட்டியது. அப்புறம்தான் சுழற்சி முறை வந்தது.

உங்கள் சுற்றறிக்கையில் இருக்கும் அந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. அதை நான் கேட்டு வளர்ந்த வீடு ஒன்று இருக்கிறது.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "நம்ம வீட்டுல சாதி பாக்குறதில்ல" என்று எல்லோரிடமும் சொல்வார், மனதார நம்பியும் சொல்வார். எங்கள் தோட்டத்தில் வேலை செய்ய வரும் அக்கா ஒருவருக்கு அம்மா தினமும் காப்பி கொடுப்பாள், வயிறாரச் சோறும் போடுவாள். அந்த அக்கா குடிக்கும் அலுமினிய டம்ளர் புறவாசல் மதில்மேல் கவிழ்த்துவைத்திருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவி, அவரே கவிழ்ப்பார். அந்த டம்ளர் ஒருநாளும் அடுக்களைக்குள் வந்ததில்லை. யார் அதை முதலில் அங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆச்சி காலத்திலிருந்தே இருந்திருக்கும். அப்பா வைக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை. நானும்தான். படிப்புக்காக வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்த மதிலைக் கடந்தேன், ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. லண்டனில், மூன்றாவது இன்டர்வியூ முடிந்து அழுதுகொண்டே டீ போட்ட ஒருநாள்தான் அந்த டம்ளர் என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அக்காவை நினைத்துத் தலை குனிந்தேன்.

சாதி வேறு, நிறம் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் "நாங்கள் பார்ப்பதில்லை" என்று யாரால் சொல்ல முடிகிறது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்த அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவரால் பார்க்காமல் இருக்க முடியாது, தாகம் எடுக்கும்போதெல்லாம் மதிலுக்குத்தான் போக வேண்டும். உங்கள் குழுவின் புகைப்படம் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. பன்னிரண்டு பேரில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் வெள்ளையர். நிறம் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்த அறையும் அதுதான்.

2021இல் அரசு அமைத்த ஓர் ஆணையமும், சிறுபான்மையினருக்கு எதிராக வேண்டுமென்றே வளைத்துவைத்த அமைப்பு இப்போது இந்த நாட்டில் இல்லை என்றது. உங்கள் சுற்றறிக்கையில் அந்த அறிக்கையின் சாயலைக் காண்கிறேன். வேண்டுமென்றே யாரும் செய்யவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 95 காட்டிய கிளிப்பையும் யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை. மூச்சு முட்டுகிறவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

சரி, என்ன கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

கலைத்த குழுவைத் திரும்ப அமைக்க வேண்டும். மாதம் நான்கு மணி நேரம் வேலை நேரத்துக்குள்ளேயே வேண்டும், எங்கள் சொந்த நேரத்தில் வேண்டாம். முன்பு இல்லாத ஒன்றையும் கேட்கிறேன்: அந்தக் குழு எழுப்பும் நோயாளி பாதுகாப்பு விஷயங்களுக்கு உங்கள் குழுவிலிருந்து ஒருவர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும், முப்பது நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும்.

வார்டு வாரியான, பேண்ட் வாரியான கணக்கை மீண்டும் வெளியிடுங்கள். யார் விண்ணப்பித்தார்கள், யார் ஷார்ட்லிஸ்ட் ஆனார்கள், யாருக்குக் கிடைத்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். உள்ளுக்குள் விண்ணப்பித்துக் கிடைக்காத ஒவ்வொருவருக்கும் பேனல் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். "தோரணை" போன்ற சொல்லை எழுதினால், இன்டர்வியூவில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலில் அது தெரியவில்லை என்றும் எழுத வேண்டும்.

நோயாளிகளுக்காகக் கேட்பதுதான் இருப்பதிலேயே அவசரம். கிழிந்துபோன அந்தத் தாளில் உள்ளதை மருத்துவமனையின் அதிகாரபூர்வ வழிகாட்டுதலாக ஆக்குங்கள். புதிதாக ஆக்சிமீட்டர் வாங்கும்போது, எந்தெந்த நிறத் தோலில், எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்ற விவரத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். படுக்கைப் புண், காமாலை, ரத்த ஓட்டம் ஆகியவற்றைக் கரிய தோலிலும் மாநிறத் தோலிலும் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற வகுப்பை, புதிதாகச் சேரும் நர்ஸ் முதல் மூத்த டாக்டர் வரை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். படங்கள் எங்களிடம் இருக்கின்றன. எங்கள் கைகளும் கால்களும்தான், இலவசமாகத் தருகிறோம்.

உங்கள் அடுத்த கூட்டம் பொதுமக்கள் வரலாம் என்ற முறையில் நடக்கிறது. கேள்வி நேரத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அன்று எனக்கு விடுமுறை நாள், வருவேன். என்னோடு இன்னும் பதினான்கு பேர் வருகிறார்கள். அதற்கு முன்னால் ஒருநாள் உங்களில் யாராவது ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எங்கள் வார்டுக்கு வாருங்கள். கரிய தோல் உள்ள நோயாளியின் பக்கத்தில் நின்று அவர் மூச்சை எப்படிப் பார்ப்பது என்று நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையில் 2003 முதல் பணிபுரியும் நர்ஸ் ஒருத்தி